ஹெச்டி வீடியோவை டிவிடிக்கு மாற்றும்போது கோடு விழாமல் இருக்க: ஆரம்பநிலை செய்முறை

தண்டையார்பேட்டையில் என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. ஹேண்டிகேமில் நானே எடுத்தேன். பெண்கள் சீர்த் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகத் தெருவில் நடந்து வருகிறார்கள். முன்னால் பேண்டு, பின்னால் மூடிக் கிடக்கும் கடை ஷட்டர்கள். கேமராவை டிவியில் செருகிப் பார்த்தபோது படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதையே டிவிடியாக எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ராயபுரத்திலிருந்து அத்தை போன் செய்தார். "இன்னாடா இது, எல்லாரும் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியறாங்க? தட்டுல கீற வாழப்பழம்கூட ரெண்டா தெரியுது!"

அத்தை வீட்டு டிவிடி பிளேயரில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு நான் ரெண்டர் செய்த விதத்தில், அதாவது வீடியோவை டிவிடிக்கான கோப்பாக மாற்றி எடுத்த விதத்தில் இருந்தது. அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது வேகாஸ் (Vegas) என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள். வேறு மென்பொருளில் பட்டன்களின் பெயர் மாறும், விஷயம் மாறாது.

கோடு எங்கிருந்து வருகிறது?

இதை மட்டும் நிதானமாகப் படித்துவிடுங்கள். இது புரிந்தால் மற்ற படிகள் தானாகவே வரும்.

நம் ஊரில் விற்ற பெரும்பாலான ஹெச்டி ஹேண்டிகேம்கள் நொடிக்கு 25 ஃபிரேம் (முழுப் படம்) என்ற கணக்கில், இன்டர்லேஸ் முறையில் பதிவு செய்பவை. ஒரு ஃபிரேமில் 1080 வரிகள் இருக்கும். ஆனால் அவை ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று 540 வரிகள்; நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரண்டு, நான்கு, ஆறு என்று மீதி 540 வரிகள். ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். அதாவது ஒரு நொடியில் 50 வெவ்வேறு கணங்கள் பதிவாகின்றன. நடையும் ஆட்டமும் அவ்வளவு வழுவழுப்பாகத் தெரிவது இதனால்தான்.

தட்டு ஏந்திய பெண் ஒருவர் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு 2 நொடியில் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலத்தை 100 ஃபீல்டில் கடக்கிறார். ஒரு ஃபீல்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சுமார் 19 பிக்சல் நகர்ந்துவிடுகிறார். இரண்டு ஃபீல்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டினால் அவருடைய புடவை ஓரம் ஒரு வரி இங்கே, ஒரு வரி அங்கே என்று தெரியும். அதுதான் சீப்புப் பல்.

இனி டிவிடிக்கு வருவோம். நம் ஊர் டிவி முறைக்குப் பால் (PAL) என்று பெயர். அந்த முறை டிவிடியில் படத்தின் அளவு 720க்கு 576. 1080 வரிகளை 576 ஆகச் சுருக்க வேண்டும். மென்பொருள் இரண்டு ஃபீல்டையும் பிரிக்காமல் அப்படியே சுருக்கினால், டிவிடியின் ஒவ்வொரு வரியிலும் பழைய படத்தின் ஏறக்குறைய இரண்டு வரிகள் கலந்துவிடும். அந்த இரண்டும் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தவை. வாழைப்பழம் இரண்டானது இப்படித்தான். ஒருமுறை கலந்துவிட்டால் எந்த டிவியாலும் பிரிக்க முடியாது. கெட்டுப்போன டிவிடியை வைத்துக்கொண்டு சரிசெய்யப் பார்க்காதீர்கள். கேமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்பிலிருந்துதான் திரும்பத் தொடங்க வேண்டும். அதனால் மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

முதலில் கோப்பைச் சோதியுங்கள்

கம்ப்யூட்டர் திரையில் கோடு தெரிந்தால் உடனே பதற வேண்டாம். இன்டர்லேஸ் கோப்பை அப்படியே காட்டினால் கோடு தெரிவது இயல்பு. விஎல்சியில் திறந்து, வீடியோ மெனுவில் டிஇன்டர்லேஸை (ஃபீல்டுகளைப் பிரித்துக் காட்டும் வசதி) ஆன் செய்து, மோடை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வையுங்கள். மூலக் கோப்பில் கோடு மறைந்து நடை வழுவழுப்பாகிவிட்டால் கோப்பு நல்ல கோப்பு. எழுதிய டிவிடியையும் அதேபோல் பாருங்கள். அதில் மறையவில்லை என்றால் ரெண்டரில்தான் கலந்திருக்கிறது.

அப்புறம் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஸ்கேன் டைப், ஸ்கேன் ஆர்டர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏவிசிஹெச்டி (ஹெச்டி ஹேண்டிகேம்களின் பதிவு வடிவம்) கேமரா என்றால் 'இன்டர்லேஸ்டு', 'டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட்' என்று இருக்கும். டேப்பில் பதியும் பழைய டிஜிட்டல் வீடியோ (DV) கேமராக்களில் பால் முறையில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். இரண்டையும் ஒரே டைம்லைனில் (எடிட்டிங்கில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) கலப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்த கேமரா நொடிக்கு 29.97 ஃபிரேமில் பதிவு செய்திருக்கலாம். அதைக் கட்டாயப்படுத்தி 25க்கு மாற்றாதீர்கள், நடை தடுமாறும். அந்த வேகத்துக்கான என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி முறையிலேயே, 720க்கு 480 அளவில் டிவிடி செய்யுங்கள். நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும்.

புராஜெக்ட் அமைப்பு: எல்லாம் இங்கேதான்

வேகாஸில் புராஜெக்ட் பிராப்பர்டீஸைத் திறந்து வீடியோ பகுதிக்குப் போங்கள். வலப்பக்க மேல்மூலையில் இருக்கும் ஃபோல்டர் படத்தை அழுத்தி உங்கள் கேமரா கோப்பைக் காட்டினால் அளவும் ஃபிரேம் வேகமும் தானாகப் பொருந்திக்கொள்ளும். ஃபீல்டு ஆர்டரில் 'அப்பர் ஃபீல்டு ஃபர்ஸ்ட்' வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதே பக்கத்தில் 'டிஇன்டர்லேஸ் மெத்தட்' என்று ஒன்று இருக்கும். என்னுடையதில் அது 'நன்' (None, எதுவும் வேண்டாம்) என்று இருந்தது. அத்தை வீட்டுக் கோட்டுக்கு முழுக் காரணம் இந்த ஒரு சொல்தான். நாம் செய்யப்போவதும் இன்டர்லேஸ் டிவிடிதானே, டிஇன்டர்லேஸ் எதற்கு என்று நானும் நினைத்தேன். ஆனால் அளவைச் சுருக்கும்போது ஃபீல்டுகளைப் பிரித்துக் கையாளலாமா என்பதை வேகாஸ் இந்த அமைப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறது. 'இன்டர்போலேட்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு ஃபீல்டும் தனித்தனியாக முழுப் படமாக விரிந்து, சுருங்கி, மறுபடி தன் வரிகளுக்குப் போய்ச் சேரும். 50 கணங்களும் அப்படியே பிழைக்கும். அசைவே இல்லாத காட்சிகள் என்றால் 'பிளெண்டு' போதும். ஊர்வலம், ஆட்டம், ஓடும் குழந்தைகள் என்றால் இன்டர்போலேட்தான்.

'ஃபுல் ரெசல்யூஷன் ரெண்டரிங் குவாலிட்டி'யை 'பெஸ்ட்' என்று வையுங்கள். நேரம் கூடும், ஆனால் சுருக்கும் வேலைக்கு இது அவசியம்.

டைம்லைனில் சந்தேகமான கிளிப் இருந்தால் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் மீடியா பகுதியைத் திறந்து, ஃபீல்டு ஆர்டர் மீடியாஇன்ஃபோ சொன்னபடி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இது தலைகீழாக இருந்தால் சீப்புப் பல் வராது. ஆட்கள் முன்னே ஓரடி, பின்னே அரையடி என்று உதறி உதறி நடப்பார்கள். அந்த உதறலைப் பார்த்தாலே ஃபீல்டு வரிசை மாறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

30 நொடி மட்டும் ரெண்டர் செய்யுங்கள்

முழு வீடியோவையும் ஓடவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டாம். அதிகமாக அசைவு உள்ள 30 நொடியைத் தேர்ந்தெடுத்து, 'ரெண்டர் லூப் ரீஜன் ஒன்லி' என்பதை டிக் செய்யுங்கள். மெயின்கான்செப்ட் எம்பெக்-2 பட்டியலில் 'டிவிடி ஆர்க்கிடெக்ட் பால் வைடுஸ்கிரீன்' டெம்ப்ளேட்டை எடுத்து, கஸ்டமைஸில் ஃபீல்டு ஆர்டரை அப்பர் என்றும் குவாலிட்டியை பெஸ்ட் என்றும் வையுங்கள். ஒலியை ஏசி-3 வடிவில் தனியாக ரெண்டர் செய்யுங்கள்.

பிட்ரேட்டுக்கு (ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா அளவு) என் கணக்கு: 560ஐ வீடியோவின் நிமிடங்களால் வகுங்கள். 90 நிமிடம் என்றால் ஏறக்குறைய 6.2 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). இரண்டு மணி நேரம் என்றால் 4.7. சராசரியாக இவ்வளவு வைத்தால் 4.7 ஜிபி டிவிடியில் ஒலியோடு சேர்ந்து அடங்கும். வீடியோ சின்னதாக இருந்தாலும் 8க்கு மேல் போகாதீர்கள், பழைய பிளேயர்கள் திணறும்.

ரெண்டர் ஆன கோப்புகளை டிவிடி ஆர்க்கிடெக்டில் (டிவிடி தயாரிக்கும் மென்பொருள்) சேர்த்ததும் ஆப்டிமைஸ் பக்கத்தைப் பாருங்கள். வீடியோவை மறுபடி கம்ப்ரஸ் செய்யப்போவதாகக் காட்டினால் நிறுத்திவிட்டு, அங்குள்ள புராஜெக்ட் அமைப்பை பால் வைடுஸ்கிரீனுக்கு மாற்றுங்கள். பிறகு திரும்ப அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்கில் எழுதி, யாருக்குக் கொடுக்கப்போகிறீர்களோ அவர்கள் வீட்டு டிவியிலேயே போட்டுப் பாருங்கள்.

அத்தை வீட்டில் புளூரே பிளேயர் இருந்திருந்தால் இந்தச் சுருக்கும் வேலையே வேண்டியிருக்காது. 1080 வரி இன்டர்லேஸ் படத்தைப் புளூரே அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

மினுமினுப்பு மட்டும் மிச்சம் இருந்தால்

என் சோதனை டிஸ்கில் வாழைப்பழம் ஒன்றானது, கோடும் போனது. ஆனால் பின்னால் இருந்த ஷட்டரின் படுக்கைக் கோடுகளும், அக்காவின் பட்டுப்புடவைச் சரிகையும் நடுங்கிக்கொண்டே இருந்தன. இது வேறு நோய். ஒரு வரி அளவே தடிமன் உள்ள கோடு ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அதனால் நடுங்குகிறது. அந்தக் கிளிப்பை மட்டும் ரைட் கிளிக் செய்து, ஸ்விட்சஸில் 'ரெட்யூஸ் இன்டர்லேஸ் ஃபிளிக்கர்' என்பதை ஆன் செய்யுங்கள். படம் ஒரு துளி மென்மையாகும். எல்லாக் கிளிப்புக்கும் போட்டால் முகங்களின் கூர்மை போய்விடும், எனவே ஷட்டர் தெரிந்த மூன்று கிளிப்புக்கு மட்டும் போட்டேன்.

அன்று சாயங்காலமே முழு வீடியோவையும் ரெண்டருக்குப் போட்டுவிட்டு, காலையில் 4எக்ஸ் வேகத்தில் எழுதி ராயபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அத்தை சீர்த் தட்டுக் காட்சி வந்ததும் ரிமோட்டில் நிறுத்தி, டிவி பக்கத்தில் போய் நின்று, தட்டில் இருந்த பழங்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார்.