யூரோப்பாவைப் பற்றி எழுதும்போது விடக்கூடாத பிழைகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகள் எழுதுகிற விண்வெளி ஒப்படைகளில் வியாழனின் பனி நிலவான யூரோப்பாவுக்குத் தனி மவுசு. நல்ல விசயம்தான். ஆனால் முதற்பக்கத்திலேயே "அங்கே ஒட்சிசன் இருக்கிறது, எனவே உயிர் இருக்கலாம்" என்று வந்துவிடுகிறது.

அந்த 'எனவே' நிற்காது. வியாழனின் காந்தப்புலத்தில் அகப்பட்ட இலத்திரன்களும் அயன்களும் பனியைத் தாக்கி நீர் மூலக்கூறுகளை உடைக்கின்றன. இலேசான ஐதரசன் தப்பிவிடும். ஒட்சிசனுக்குப் பாரம் கூட. அங்குள்ள குளிரில்கூட அது உறையாது, ஆகவே பனிக்கு மேலே தங்கிவிடுகிறது. இதில் செடியுமில்லை, பாசியுமில்லை. ஜூனோ விண்கலம் 2022 இல் அருகே பறந்து எடுத்த அளவீடுகளின்படி செக்கனுக்குச் சுமார் 12 கிலோ ஒட்சிசன் உருவாகிறது. முந்தைய கணிப்புகள் சில 1000 கிலோவையும் தாண்டின, அதனால் எண்ணை எடுக்கும்போது ஆண்டையும் பாருங்கள்.

காற்று, மேகம் என்றெல்லாம் வர்ணிக்கவும் வேண்டாம். அமுக்கம் பூமியினதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட வராது.

மேற்பரப்பில்தான் பெரிய சறுக்கல். கண்டதெல்லாம் பனிக்கு அடியிலுள்ள கடலிலிருந்து வந்தது என்று நினைப்பது. வியாழனின் காந்தப்புலம் ஏறக்குறைய 10 மணித்தியாலத்தில் ஒருமுறை சுற்றும். யூரோப்பா வியாழனைச் சுற்றிவர மூன்றரை நாள் வேண்டும். அதனால் வியாழனின் இன்னொரு நிலவான அயோவின் எரிமலைகள் கக்கிய கந்தகம், அயன்களாகி, யூரோப்பாவைப் பின்னாலிருந்து வந்து முட்டுகிறது. பின்பக்க அரைக்கோளத்தில் சல்பூரிக்கமிலம் தெரிவதற்கு இது போதும். கலிலியோ விண்கலத்தின் நிறமாலையை ஒரு சாரார் அமிலம் என்றார்கள், இன்னொரு சாரார் மக்னீசியம் சல்பேற்று என்றார்கள். நிறமாலையில் தெரியும் ஒரேயொரு பட்டியை வைத்துப் பொருளுக்குப் பெயர் சூட்டினால் இந்தச் சிக்கல்தான்.

அப்போ எதை நம்புவது? இடத்தைப் பாருங்கள். 2019 இல் ஹபிள் தொலைநோக்கி சோடியம் குளோரைட்டின் தடயத்தை அயோவின் கந்தகம் அவ்வளவாக முட்டாத முன்பக்கத்திலுள்ள தாரா ரீஜியோ என்ற பகுதியில் கண்டது. ஆனையிறவு உப்பைப்போல வெள்ளையாக அதைக் கற்பனை செய்யாதீர்கள்; கதிர்வீச்சு பட்ட உப்பு மஞ்சளாகும். 2023 இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே பகுதியில் காபனீரொட்சைட்டு செறிந்திருப்பதைக் காட்டியது. நிலவியல்ரீதியாகக் குழம்பிய, ஒப்பீட்டளவில் இளமையான அந்தத் தரையில் இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் உள்ளிருந்து வந்திருக்கலாம் என்ற வாதத்துக்குப் பலம்.

இன்னுமொன்று. 2024 ஒக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் அங்கே தரையிறங்காது. 2030 இல் வியாழனை அடைந்து, அதன் பின் யூரோப்பாவை ஏறக்குறைய 50 தடவை கடந்து பறந்தபடி வாயுவையும் தூசியையும் அளக்கும். அது தேடுவது உயிரை அல்ல, உயிர் வாழத்தக்க சூழலை.