கட்சியை விட்டு வந்தபின் செய்யக் கூடாத தவறுகள்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது அக்கா வீட்டுக்கும் படிவம் வந்தது. அக்கா தன்னுடையதை அன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிட்டாள். மகனுடையது ஃபிரிட்ஜ் மேல் கரண்ட் பில்லுக்கு அடியில் கிடந்தது.

"ஏன் கண்ணு, இதை நிரப்பலையா?" என்றேன்.

"நான்தான் கட்சியை விட்டு வந்துட்டனே மாமா. இனி எவனுக்கும் ஓட்டுப் போடறதா இல்லீங்க. பேரு இருந்தா என்ன, போனா என்ன?"

நான் 18 வருஷம் ஒரு கட்சியில் இருந்தவன். 1998இல் சேர்ந்து 2016இல் வெளியே வந்தேன். அதில் பாதிக்கு மேல் பூத் ஏஜென்ட் வேலை. வெளியே வந்த புதிதில் நான் பேசியதையெல்லாம் இப்போது 27 வயதில் அவன் பேசுகிறான். டீக்கடையில், பேக்கரியில், கோயில் திண்ணையில் இந்த வயதுப் பையன்கள் பலரும் அதையேதான் பேசுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காசு வாங்காதே, வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்சிக்கு உழைத்து, மனசு விட்டுப்போய் வெளியே வந்தவர்கள் மட்டும் செய்கிற சில தவறுகள் உண்டு. எனக்குத் தெரிந்தது அவைதான்.

விலகியதை ஊர் கூட்டிச் சொல்வது

உறுப்பினர் அட்டையைக் கிழித்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். அடுத்த முறை புதுப்பிக்காமல் விட்டாலே போதும். எங்கள் பக்கத்தில் கட்சி என்பது கல்யாணப் பத்திரிகை, எழவு வீடு, கைமாற்றுக் கடன் வரைக்கும் பின்னிக் கிடக்கிறது. கட்சியை விட்டோம் என்பதற்காக மனிதர்களையும் விட வேண்டியதில்லை.

பழைய கட்சி மேலுள்ள கோபத்தை அடுத்த கட்சியிடம் கொடுப்பது

நான் வெளியே வந்த காரணம் எளிமையானது. எங்கள் தொகுதிக்கு வேட்பாளராக வந்தவர், இரண்டு மாதம் முன்புவரை எதிரணியில் இருந்து எங்களைத் திட்டிக்கொண்டிருந்தவர். அவருக்குப் போஸ்டர் ஒட்டச் சொன்னார்கள். பசைவாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளர் துண்டோடு வீட்டுக்கு வந்தார். நான் சேரவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதமும், தெரியாமலே அவருக்குத்தான் வேலை பார்த்தேன். பழைய கட்சியைப் பற்றி எனக்குத் தெரிந்த அசிங்கங்களையெல்லாம் கடைகடையாகச் சொன்னேன். கேட்டவர்கள் என்னைக் கட்சி மாறியவனாகத்தான் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததில் தப்பில்லை.

யாரை எனக்குப் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும், அதுவும் எல்லாத் தேர்தலுக்கும் அதேதான். இந்தத் தொகுதியில், இந்தப் பதவிக்கு, இந்த முறை யார் நிற்கிறார்கள் என்று கேட்டால்தான் பதில் மாறும். தமிழ்நாட்டு மக்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2019இல் மக்களவையின் 39 தொகுதிகளில் தேனி தவிர எல்லாம் திமுக அணிக்குப் போயின. அதே வருஷம், பாதிக்கு மேல் அதே நாளில், 22 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. அதில் 13ஐ திமுகவும் 9ஐ அதிமுகவும் பிடித்தன. அந்த 9தான் அன்றைய மாநில ஆட்சியைக் காப்பாற்றியது. டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் போட்டவர்கள் இல்லாமல் இப்படி ஒரு முடிவு வந்திருக்காது.

நோட்டாவில் கனவு காண்பது

முன்பெல்லாம் யாருக்கும் ஓட்டு இல்லை என்று சொல்ல '49-ஓ' என்று கேட்டு, அதிகாரி முன்னால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பூத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லா ஏஜென்ட்டுக்கும் தெரிந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இயந்திரத்தில் அதற்கென்று நோட்டா என்ற பொத்தான் வந்தது. ரகசியம் காப்பாற்றப்படுகிறது, அது பெரிய விஷயம்தான்.

ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும் மறுதேர்தல் கிடையாது. அடுத்தபடியாக வந்த வேட்பாளர் ஜெயித்ததாகத்தான் அறிவிப்பார்கள். டெபாசிட்டைத் திரும்பப் பெற வாங்க வேண்டிய ஆறில் ஒரு பங்கு ஓட்டைக் கணக்கிடும்போதும் நோட்டாவைச் சேர்ப்பதில்லை. இதெல்லாம் தெரிந்து போடுவதானால் போடுங்கள். நிற்கிற அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக் கழித்தபின் போடுங்கள். பார்க்காமலே போடுவது சோம்பேறித்தனம்.

கட்சியோடு சேர்த்து ஓட்டையும் விட்டுவிடுவது

இதைத்தான் நிறைய எழுத வேண்டும். இன்றைக்கும் என்னால் பொறுமையாகப் பேச முடியாத விஷயம் இது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் எங்கள் பூத்தின் பட்டியலை விரித்து வைத்து, பெயர் பெயராகப் பென்சிலில் குறி போடுவோம். டிக் என்றால் நம்ம ஓட்டு. பெருக்கல் குறி என்றால் எதிராளி ஓட்டு. வட்டம் என்றால் பொது, போய்ப் பேச வேண்டியவர். இது எல்லாரும் செய்வது. நான் நாலாவதாக ஒன்று வைத்திருந்தேன். பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு கோடு. வெறுத்துப் போனவர், வரமாட்டார் என்று அர்த்தம்.

அந்தக் கோடு போடும்போது மனசுக்கு நிம்மதியாக இருக்கும். வட்டம் போட்டவர் வீட்டுக்குப் போனால் கேள்வி கேட்பார். சாக்கடை ஏன் பாதியில் நிற்கிறது, போன தடவை சொன்ன பஸ் எங்கே, இந்த ஆளுக்கு எப்படி சீட் கொடுத்தீர்கள் என்பார். கோடு போட்டவர் வீட்டுக்குப் போகவே வேண்டாம். அவருக்கு நாங்கள் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுப்பதிவு அன்று காலையிலிருந்து, வந்தவர் பெயரையெல்லாம் அடித்துக்கொண்டே வருவோம். மத்தியானம் மூன்று மணிக்கு டிக் போட்டவர்களில் யார் வரவில்லை என்று கணக்கெடுத்து, வெளியே இருக்கும் பையன்கள் வீடுவீடாக ஆட்டோ அனுப்புவார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டியைக்கூடத் தூக்கி வருவார்கள். கீழ்க்கோடு போட்ட வீட்டு வாசலைத் தாண்டித்தான் அந்த ஆட்டோ போகும். அங்கே நிற்காது.

ஒரு பூத்தில் 900 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சிக்கு நிச்சயமாக 300, இன்னொன்றுக்கு 280. மீதி 320 பேர் எதிலும் இல்லாதவர்கள். இந்த 320 பேரும் வருவார்கள் என்று தெரிந்தால் இரண்டு கட்சியும் கொஞ்சமாவது நல்ல ஆளைத் தேடித்தான் ஆக வேண்டும். அவர்கள் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் 20 ஓட்டுக்கான சண்டைதான் மிச்சம். அதற்கு ஆட்டோவும் சாப்பாட்டுப் பொட்டலமும் போதும். ஆள் யாராக இருந்தால் என்ன, சின்னம் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் கட்சிக்கு இங்கிருந்துதான் வருகிறது. எந்த வேட்பாளரைப் பார்த்துப் பசைவாளியைக் கீழே வைத்தேனோ, அவரைப் போன்றவர்களை நிறுத்துகிற துணிச்சலை அத்தனை வருஷம் பென்சிலால் கணக்கெடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவும் தெரிந்த நானே 2019 டிசம்பரில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அது ஊராட்சித் தேர்தல். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, மூன்று வருஷத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகத்தில் கிடந்துவிட்டு நடந்த தேர்தல். ஒருவருக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு. வெள்ளை வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. முதல் இரண்டில் கட்சிச் சின்னமே கிடையாது. கட்சி வேண்டாம் என்று வந்தவனுக்கு இதைவிட ஏற்ற தேர்தல் எங்கே இருக்கிறது? எனக்கோ கோபம் கண்ணை மறைத்தது. "எல்லாம் கட்சிக்காரன்தான், சின்னம் மட்டும் வேற" என்று சொல்லிவிட்டு அன்றைக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டேன். வீட்டில் இன்னும் இரண்டு ஓட்டு, நான் போகாததால் அவர்களும் போகவில்லை. என்னோடு கட்சியை விட்டு வந்த நண்பர் பக்கத்து வீடு. அங்கே நாலு ஓட்டு. தெருமுனையில் இன்னொருவர். ஆக, எங்கள் தெருவில் மட்டும் எட்டு.

தலைவர் பதவிக்கு நின்றவர்களில் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒரு அம்மா இருந்தார். மேல்நிலைத் தொட்டியை எந்தத் தேதியில் கழுவினார்கள், மோட்டார் எத்தனை நாள் ஓடவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தவர். அந்த நோட்டைத்தான் வீடுவீடாகக் காட்டி ஓட்டுக் கேட்டார். 2020 ஜனவரி 2ஆம் தேதி எண்ணினார்கள். ஆறு ஓட்டில் தோற்றார்.

அந்த வாரம் ரேஷன் கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். பையை மாற்றிப் பிடிக்க இடது கையை நீட்டினேன். அவர் என் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். மை இல்லை. ஒன்றுமே சொல்லாமல் திரும்பிக்கொண்டார். ஏதாவது கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஒரு தேர்தலுக்குப் போகாமல் இருப்பதோடு இது முடிவதில்லை. போகப் போவதில்லை என்றால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. வீடு மாறினால் படிவம் 8 கொடுக்கத் தோன்றாது. 2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், வெளியூர் போனவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அதற்குள் ஃபிரிட்ஜ் மேல் கிடந்த படிவங்களும் உண்டு. ஒன்று எனக்குத் தெரிந்து உண்டு.

சுயேச்சைக்குப் போட்டால்தான் சுயேச்சை வாக்காளர் என்று நினைப்பது

1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் கஷ்டத்தைக் கவனிக்க வைப்பதற்காகக் கூட்டமாக மனுப் போட்டார்கள். ஓட்டுச்சீட்டு புத்தகமாக வந்தது. அது போராட்டம், அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் சுயேச்சையாக நிற்கிறவர் எல்லோரும் அந்த ரகம் இல்லை. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலர் நின்றார்கள். பெரிய வேட்பாளர் ஒருவரின் ஓட்டைப் பிரிப்பதற்காகவே பெயர் பார்த்து ஆள் பிடித்து நிறுத்துவது பழைய வேலை. கட்சிக்காரரிடம் என்ன கேட்பீர்களோ அதையே சுயேச்சையிடமும் கேளுங்கள்.

பிரமாணப் பத்திரத்தில் சொத்தை மட்டும் பார்ப்பது

வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரமான படிவம் 26ஐத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லோரும் கோடியை எண்ணிவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் வழக்கு விவரத்தைப் படியுங்கள். சாலை மறியல் வழக்கும் மோசடி வழக்கும் ஒன்றல்ல, எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி என்று ஒரு இடம் இருக்கும், அதைப் பாருங்கள். முன்பே ஒரு தடவை நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு ராத்திரி வேலைதான்.

வீட்டில் இருப்பவர்கள் ஓட்டையும் சேர்த்து முடிவு செய்வது

செய்யாதீர்கள். அது அவர்கள் ஓட்டு.

தேர்தல் இல்லாத நாட்களில் காணாமல் போவது

வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்தக் கட்சி அட்டையும் கேட்க மாட்டார்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள். நான் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன், அந்த அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அக்கா மகன் பெயர் வரைவுப் பட்டியலில் வரவில்லை. பாகம் பாகமாக ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு அவனே வந்து சொன்னான். பேரு போனா என்ன என்றவன் முகம் வாடியிருந்தது. அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு என் வண்டியிலேயே கூட்டிப் போனேன். பெயர் சேர்க்கும் படிவம் 6, உறுதிமொழிப் படிவம், ஆதார் நகல், போட்டோ. பெஞ்சில் உட்கார்ந்து அவனே நிரப்பினான்.

"யாருக்குப் போடறதுன்னு மட்டும் இன்னும் தெரியலீங்க மாமா" என்றான்.

"மனுத் தாக்கல் முடியட்டும். படிவம் 26 எல்லாம் வந்ததும் வா, உட்கார்ந்து படிக்கலாம்" என்றேன்.