பந்து ஏன் வளையுது: ஸ்பின் பத்தி எல்லாரும் பண்ற தப்புகள்

1993 ஜூன் 4, இங்கிலாந்தோட ஓல்டு டிராஃபோர்டு மைதானம். ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் இங்கிலாந்து பேட்ஸ்மேன் மைக் கேட்டிங்குக்கு போட்ட அந்த பந்த பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் "என்னா டர்ன்டா"ன்னுதான் ஆரம்பிக்குறாங்க. முதல் தப்பே அதான். அந்த பந்து மொதல்ல காத்துலயே லெக் பக்கம் நகர்ந்து, லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்தி, அப்புறம்தான் எதிர்ப்பக்கம் திரும்பி ஆஃப் ஸ்டம்ப தட்டுச்சு. தரையில திரும்புனது உராய்வால, காத்துல நகர்ந்தது மேக்னஸ் விளைவால (சுத்துற பந்த காத்து ஒரு பக்கமா தள்ளுறது), ரெண்டும் வேற வேற வேலை. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிட்டா பந்துல நடக்குற எதுவுமே புரியாது.

அடுத்தது, பந்து காத்துல ஏன் வளையுதுன்னு கேட்டா, "ஒரு பக்கம் போற காத்தும் மறுபக்கம் போற காத்தும் பின்னாடி ஒரே நேரத்துல சேரணும், அதான் ஒரு பக்கம் வேகமா போகுது"ன்னு நிறைய வீடியோல சொல்றாங்க. அப்படி எந்த கட்டாயமும் காத்துக்கு கிடையாது. சுத்துற பந்து தன் மேல ஒட்டியிருக்குற காத்தையும் சேர்த்து இழுக்குது, அதனால பின்னாடி வெளியேறுற காத்து ஒரு பக்கமா சாஞ்சு போகுது, பந்து அதுக்கு எதிர்ப்பக்கம் தள்ளப்படுது, அவ்ளோதான். ஜெர்மன் விஞ்ஞானி மேக்னஸ் 1852ல சோதனை பண்ணதால அவர் பேரு வந்துச்சு, ஆனா டென்னிஸ் பந்து இப்படி வளையுறத நியூட்டன் 1672லயே எழுதிட்டார்.

எந்தப் பக்கம் வளையும்னு மனப்பாடம் பண்ண வேணாம். பந்தோட மூக்க, அதாவது போற திசைய பாத்த முன்பக்கத்த கவனிங்க, அது எந்தப் பக்கம் நகருதோ பந்தும் அந்தப் பக்கம்தான் போகும். டாப்ஸ்பின்ல, அதாவது பந்து முன்னோக்கி உருளுற மாதிரி சுத்துறப்போ, மூக்கு கீழ இறங்குது, பந்தும் சட்டுனு கீழ இறங்குது (டிப் ஆகுது).

பசங்க அதிகமா பண்ற தப்பு, நல்லா முறுக்கி விட்டா நல்லா வளையும்னு நினைக்குறது. எவ்ளோ சுத்துதுங்குறத விட எந்த அச்சுல சுத்துதுங்குறதுதான் முக்கியம். துப்பாக்கி குண்டு மாதிரி போற திசையவே அச்சா வச்சு சுத்துனா தரையில நல்லா திரும்பும், ஆனா காத்துல பெருசா வளையாது. பம்பரம் மாதிரி நிமிர்ந்து சுத்துனா காத்துல வளையும், குத்துனதும் திரும்பாது. வார்ன் மாதிரி ஆளுங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல அச்ச சாய்ச்சு வச்சாங்க, எனக்கு ஸ்பின்லயே ரொம்ப பிடிச்ச விஷயம் இதான்.

வேகப்பந்து ஸ்விங்கையும் இதுல சேர்க்காதீங்க. அது தையலும் பளபளப்பும் காத்த ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி பிரிய விடுறதால வர்றது, அங்க பின்னோக்கி சுத்துறது தையல் ஆடாம நிக்குறதுக்காக. வழவழன்னு இருக்குற பெரிய பீச் பால் சில வேகத்துல மேல சொன்ன மூக்கு விதிக்கு நேர் எதிரா கூட வளையும்.

உங்க அச்சு எப்படி இருக்குன்னு பாக்கணும்னா போன் கேமராவ ஸ்டம்புக்கு பின்னாடி வச்சு ஸ்லோமோஷன்ல எடுங்க, தையல் முழு வட்டமா தெரிஞ்சா குண்டு மாதிரி போகுது, படுத்த கோடா தெரிஞ்சா பம்பரம், நிமிர்ந்த கோடா தெரிஞ்சா டாப்ஸ்பின்.