அரைத்த ஸ்லாக்கும் அம்மைத் தழும்பும்

சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் பட்டறையில் சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங் செய்கிறோம். இதில் ஆர்க்கை மூடிக் கொட்டும் தூள்தான் ஃபிளக்ஸ்; அது உருகி, வெல்டின் மேல் ஓடாக இறுகுவது ஸ்லாக். உரிந்த ஸ்லாக்கை அரைத்து, புது ஃபிளக்ஸோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டினோம். வெல்டின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். சிங்கப்பூரில் முதல் சந்தேகம் ஈரம்தானே. கலவையை 300 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டோம். மாறவில்லை. வயரை மாற்றினோம், பிளேட்டைத் துருப்போகத் தேய்த்தோம். நாலு நாள் வீண்.

ஃபிளக்ஸ் கொட்டும் தொட்டியான ஹாப்பரில் கைவிட்ட தம்பி, "அண்ணே, மாவு மாதிரி இருக்கு" என்றான். அதேதான். தூள் அத்தனை பொடியானால் வாயு மேலேறி வெளியே போக வழியில்லை. அடியிலேயே சிக்கிக் குழி விழும். பொடியைச் சலித்துக் கழித்தோம். காந்தம் ஓட்டியதில் ஒரு பிடி இரும்புத் துகளும் வந்தது. ஒருமுறை உருகிய சரக்கில் ஆக்ஸிஜனை இழுக்கும் சத்து குறைந்திருக்கும் என்பதால், ஸ்லாக்கைக் கால் பங்காக்கினேன். அடுத்த பிளேட்டில் ஸ்லாக் தானாகவே உரிந்தது. அடியில் ஒரு குழி இல்லை. அப்பாடா!