ஆயா அறைக்கு ரேடார் சென்சார்: ஃபேனை ஆள் என்று எண்ணாதபடி பொருத்துவது

வயதானவர் அறையில் இருக்கிறாரா என்று தூரத்திலிருந்து தெரிந்துகொள்ள, அங்கே கேமரா வைக்க யாருக்கும் மனம் வராது. கையில் கட்டும் பட்டையை ஆயா இரண்டாம் நாளே கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். தானியங்கி விளக்கில் வரும் பிஐஆர் சென்சாரும் உதவாது: உடல்சூடு இடம் மாறினால்தான் அதற்குத் தெரியும், அசையாமல் தூங்குபவரை விட்டுவிடும். மூச்சுக்கு மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குவதையும் பிடிப்பது 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார்.

தேவையானவை: எல்டி2410சி ரேடார், இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டிக் கணினி), 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜர், நான்கு ஜம்பர் ஒயர் (பின்னில் செருகும் ஒயர்), ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கடைசி 'சி'யைப் பார்த்து வாங்குங்கள். அதில் பின் இடைவெளி 2.54 மி.மீ., ஜம்பர் நேராக ஏறும். வெறும் எல்டி2410-இல் 1.27 மி.மீ.தான், பற்றவைத்தால் பக்கத்துப் பின்னோடு ஈயம் ஒட்டிக்கொள்ளும்.

ரேடாரின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) பின்னை இஎஸ்பி32-இன் 16-ஆம் பின்னுக்கும், ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) பின்னை 17-க்கும் கொடுங்கள். விசிசி (மின்சாரம் வாங்கும் பின்) 5 வோல்ட்டுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. போர்டுக்கு நிரல் ஏற்றும் இஎஸ்பிஹோம் மென்பொருளில் பாட் ரேட் (இரண்டும் பேசிக்கொள்ளும் வேகம்) 256000 என்று கொடுங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் பெரும்பாலும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மாறியிருக்கும்.

இனிமேல்தான் வேலை. நம் ஊரில் மார்கழி தவிர ஃபேன் நிற்பதில்லை, சுற்றும் இறக்கை ரேடாருக்கு நடமாடும் ஆள். ஆகவே கூரையில் மாட்டாதீர்கள். கட்டிலிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், படுத்தவரின் மார்பைப் பார்க்கும்படி சுவரில் வையுங்கள். இந்த ரேடார் தூரத்தை 75 செ.மீ. கொண்ட 'கேட்'களாகப் பிரிக்கிறது. அறையில் யாரும் இல்லாதபோது ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, மொபைலில் எச்எல்கே ரேடார் டூல் செயலியின் இன்ஜினியரிங் மோடில் (ஒவ்வொரு கேட்டின் அசைவு அளவையும் தனியாகக் காட்டும் திரை) எந்த கேட்டின் எண் எகிறுகிறது என்று பாருங்கள். அது கட்டிலைத் தாண்டி இருந்தால் அதிகபட்ச கேட்டை அதற்கு முன்னதோடு நிறுத்துங்கள். கட்டில் இருக்கும் கேட்டிலேயே எகிறினால் சென்சாரை இடம் மாற்றுவதே வழி. இன்னொன்று, 'சென்சிட்டிவிட்டி' என்ற பெயரை நம்பி எண்ணைக் கூட்டாதீர்கள். அது வாசல்படி உயரம் மாதிரி: எண் கூடினால் சென்சார் மந்தமாகும்.

பிளைவுட், திரைச்சீலை, நைலான் கொசுவலை எல்லாவற்றையும் அலை கடந்துவிடும். அதனால் மெல்லிய தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பவரும் கணக்கில் சேரலாம். தகரமும் இரும்பு பீரோவும் திருப்பி அடிக்கும்; சென்சார் எதிரே வேண்டாம்.

கழிவறைக்குத் தனியாக ஒன்று வையுங்கள். உள்ளே ஆள் இருப்பது 30 நிமிடத்தைத் தாண்டினால் மொபைலுக்குச் செய்தி போகட்டும். விழுந்தவரைக் காட்டித்தருவது பெரும்பாலும் இந்த விதிதான். ஷவர் தண்ணீரையும் அசைவாக எடுக்கும், ஆகவே தண்ணீர் விழும் பக்கம் திருப்பாதீர்கள்.

நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று இந்த மாடல் சொல்லாது. அதற்கு மூச்சை எண்ணவென்றே வரும் மாட்யூல் வேண்டும், பெரும்பாலும் 60 கிகாஹெர்ட்ஸ். அதிலும் ஆள் அசையாமல் பக்கத்தில் இருந்தால்தான் எண் நம்பும்படி வரும். அதை வைத்து மருந்தைக் கூட்டுவது குறைப்பது கூடாது.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று ஜம்பர் முனையைப் பச்சை பூக்க வைக்கும். சோதித்து முடித்ததும் ஒயரைப் பற்றவைத்து பெட்டியை மூடுங்கள். புயல் நாளில் கரண்ட் போனால் சென்சாரோடு மோடமும் ஹோம் அசிஸ்டன்ட் (சென்சார் தகவலை வாங்கி மொபைலுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள்) ஓடும் கணினியும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். சென்சார் 10 நிமிடம் பேசாமல் போனால் அதற்கும் ஓர் அறிவிப்பு வைத்துவிடுங்கள்.