குளிர்காலத்தில் வீட்டுக்குள் குழுச் சவாரி: முதல் முறையாகச் சேர்பவர்களுக்கான செய்முறை

ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழு மணியாகிறது. மாலை ஐந்தரைக்குள் இருட்டத் தொடங்கிவிடுகிறது. வேலைக்குச் செல்பவர் வார நாட்களில் வெளியே சைக்கிள் ஓட்ட நினைத்தால், இருட்டிலும், பல காலைகளில் உறைநிலையை நெருங்கும் குளிரிலும்தான் ஓட்டியாக வேண்டும். டர்பன் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கேப் டவுனில் குளிர்காலமே மழைக்காலம். அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் செல்லும் அமஷோவா என்னும் சைக்கிள் சவாரிக்கோ, நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கும் 947 சவாரிக்கோ பெயர் கொடுக்க நினைப்பவர்கள் இந்தக் குளிர்கால மாதங்களில் பயிற்சியை விட்டுவிட முடியாது. அவர்களுக்கு நான் முழு மனத்துடன் பரிந்துரைப்பது இணையவழிக் குழுச் சவாரி: சைக்கிளை வீட்டுக்குள் ஒரு தாங்கியில் பொருத்தி மிதிக்க, திரையில் உங்கள் உருவம் மற்றவர்களின் உருவங்களோடு ஒரே பாதையில் கூட்டமாக ஓடும். 2020 டிசம்பரில் நடந்த, யூசிஐ என்னும் பன்னாட்டுச் சைக்கிள் அமைப்பின் முதலாவது இணையவழிச் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டியில் பெண்கள் பிரிவில் வென்றவர் நம் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ என்பதையும் இங்கே பெருமையோடு சொல்லிவிடுகிறேன்.

முதல் சில வாரங்களில் புதியவர் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை ஒன்றுதான்: கூட்டத்தை விட்டுப் பிரியாமல் கடைசி வரை மிதிப்பது. கீழே வரும் படிகள் அனைத்தும் அதற்காகவே சொல்லப்படுகின்றன.

முதல் படி: கருவிகள்

உங்களிடம் இருக்கும் சைக்கிளே போதும். அதைத் தாங்கி நிற்கும் ட்ரெயினர் இரண்டு வகைப்படும். பின்சக்கரத்தை உருளையின் மேல் அழுத்தி வைக்கும் வகை விலை குறைவு. ஆனால் டயர் தேயும், சறுக்கும், ஒவ்வொரு முறையும் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராக ட்ரெயினரிலேயே மாட்டும் வகை விலை கூடுதல். சத்தம் குறைவு, அளவீடு துல்லியமாக இருக்கும். இரண்டாவது வகையை வாங்கும்போது, அதிலுள்ள பற்சக்கரத் தொகுதி உங்கள் சைக்கிளின் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த வகையானாலும், மிதிக்கும் திறனை, அதாவது விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் செலுத்துகிறீர்கள் என்பதை, வாட் கணக்கில் அளந்து புளூடூத் வழியாக அனுப்பும் ஸ்மார்ட் ட்ரெயினராக இருப்பது நல்லது.

மின்விசிறியைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். என் கருத்தில் ட்ரெயினருக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான். வெளியே ஓட்டும்போது எதிர்காற்று உடலைக் குளிர்விக்கிறது. அறைக்குள் அந்தக் காற்று இல்லாததால், வெளியே குளிர் எவ்வளவு இருந்தாலும் பத்து நிமிடத்தில் உடல் கொதித்து, இதயத்துடிப்பு ஏறி, அதே வாட்டை மிதிப்பதே கடினமாகிவிடும். மின்விசிறியை முகத்துக்கும் நெஞ்சுக்கும் நேராக வையுங்கள். சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். கைப்பிடியின் மேல் ஒரு துண்டு, அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில் ஆகியவையும் வேண்டும். ஜோகன்னஸ்பர்க் அமைந்திருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டது. வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பது தெரியாது. ஆகவே தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் இடையிடையே குடியுங்கள்.

மின்வெட்டு அட்டவணை அறிவிக்கப்பட்டிருக்கும் காலமானால், அதைப் பார்த்த பிறகே சவாரிக்குப் பெயர் கொடுங்கள். இணைய ரௌட்டரும் மடிக்கணினியும் சிறிய இன்வெர்ட்டரில் ஓடும். ஆனால் சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ட்ரெயினர் நின்றுபோனால் திரையில் உங்கள் உருவமும் நின்றுவிடும். டாக்ஸ் நியோ போன்ற சில ட்ரெயினர்கள் மிதிக்கும் விசையிலிருந்தே தமக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டுச் சூழலில் இது எண்ணிப் பார்க்க வேண்டிய வசதி.

இரண்டாம் படி: செயலியும் இணைப்பும்

ஸ்விஃப்ட் என்னும் செயலியில் குழுச் சவாரிகள் மிகுதி. அதற்கு மாதக் கட்டணம் உண்டு. மைவூஷ் இலவசமானது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், கணக்குத் தொடங்கும்போது உங்கள் எடையையும் உயரத்தையும் உண்மையாகப் பதியுங்கள். திரையில் உங்கள் வேகம் இவற்றைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எடையைக் குறைத்துச் சொன்னால் உடன் ஓட்டுபவர்களுக்கு அநியாயம் செய்தவர் ஆவீர்கள், உங்கள் முன்னேற்றமும் உங்களுக்கே தெரியாமல் போகும்.

ட்ரெயினர் திரையில் தென்படவில்லை என்றால், முதலில் உங்கள் கைப்பேசியைப் பாருங்கள். பல ட்ரெயினர்கள் புளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டுமே இணையும். கைப்பேசி அதை முன்பே பிடித்து வைத்திருந்தால் கணினிக்கு அது கிடைக்காது. செயலியின் புதுப்பிப்புகள் அளவில் பெரியவை என்பதால் முந்தைய இரவே இறக்கி வையுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் அளவை அறிதல்

குழுச் சவாரிகள் ஒரு கிலோ எடைக்கு இத்தனை வாட் என்ற கணக்கில் பிரிக்கப்பட்டிருக்கும். 80 கிலோ எடையுள்ளவர் 140 வாட் மிதித்தால் அவருடைய அளவு 1.75. கடினமான சோதனைகள் எதுவும் இப்போது வேண்டாம். தனியாக 20 நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் மிதித்து, சராசரி வாட்டைப் பார்த்து, உங்கள் எடையால் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் எண்ணுக்குச் சற்றுக் கீழே அறிவிக்கப்பட்டிருக்கும் சவாரியையே முதலில் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் அறிவித்த அளவைவிடக் கூட்டம் சற்று வேகமாகப் போவது வழக்கம்.

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. செயலி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கடலோர டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்கள் தம்பி அதே உடல்திறனோடு உங்களைவிடச் சில வாட் கூடுதலாக மிதித்தால், ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் மிதிக்கும் நீங்கள் மனம் தளர வேண்டாம்.

நான்காம் படி: சவாரியைத் தேர்ந்தெடுத்தல்

மேடு குறைந்த பாதையாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்விஃப்டில் டெம்பஸ் ஃப்யூஜிட் ஏறக்குறைய முழுதும் சமதளம். ஆல்ப் டு ஸ்விஃப்ட் போன்ற மலைப்பாதைகளை ஒத்திப்போடுங்கள். ஏற்றத்தில் கூட்டம் சிதறிவிடும், நீங்கள் கற்க வந்ததைக் கற்க முடியாது. எல்லோரையும் சேர்த்தே வைத்திருக்கும் ஏற்பாடு சில சவாரிகளில் உண்டு. அதில் யார் எவ்வளவு மிதித்தாலும் குழு பிரியாது. முதல் சவாரிக்கு அதுவே சிறந்தது. அதே ஏற்பாட்டோடு உறவினர்களை மட்டும் அழைத்துத் தனிச் சவாரியும் அமைக்கலாம். டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் லண்டனிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

நேரத்தைக் கவனியுங்கள். நம் குளிர்காலம் ஐரோப்பாவின் கோடைகாலம். அப்போது பாரிஸ் நேரமும் நம் நேரமும் ஒன்றே. லண்டனைவிட நாம் ஒரு மணி நேரம் முந்தியிருக்கிறோம். லண்டனில் இருக்கும் அத்தை மகன் மாலை ஏழு மணி என்று சொன்னால் நமக்கு அது எட்டு மணி.

ஐந்தாம் படி: சவாரி

பதினைந்து நிமிடம் முன்னதாகவே தொடக்க இடத்துக்குள் நுழைந்து மெதுவாக மிதித்து உடலைச் சூடாக்குங்கள். சவாரி தொடங்கத் திரையில் ஓடும் இறங்குமுக எண்ணிக்கை பூச்சியத்தைத் தொடுவதற்குச் சில விநாடிகள் முன்பே மிதியை அழுத்தத் தொடங்குங்கள். ட்ரெயினரின் விசை திரையில் தெரியச் சிறிது தாமதமாகும். எல்லோரையும் சேர்த்து வைக்கும் ஏற்பாடு இல்லாத சவாரிகளில் முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் எல்லோரும் பாய்ந்து செல்வார்கள். அந்த நேரத்தில் உங்கள் வழக்கமான அளவைவிடக் கூடுதலாக மிதித்தேனும் ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்; பிறகு மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

சாலையில் முன்னால் செல்பவர் காற்றை மறைப்பதால் அவர் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பு குறைவு; இங்கும் அப்படியே. இதுதான் முழு சவாரியின் மையம். வாட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், திரையின் வலப்பக்கம் உள்ள பெயர்ப் பட்டியலில் முன்னவருக்கும் உங்களுக்கும் இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். இடைவெளி விரியத் தொடங்கியதும் அந்தக் கணமே பத்து விநாடி அழுத்தி மிதித்து ஒட்டிக்கொள்ளுங்கள். தயங்கினால் காற்றின் மறைவு போய்விடும். பிறகு தனியே துரத்துவதற்கு அதைப்போல் பலமடங்கு உழைக்க நேரும். மேடு தொடங்கும்போது சற்று முன்கூட்டியே விசையைக் கூட்டுங்கள். உச்சியை எட்டியதும் ஓய்வெடுக்காதீர்கள்; முன்னால் இருப்பவர்கள் ஏற்கெனவே இறக்கத்தில் வேகமெடுத்திருப்பார்கள், புதியவர்கள் பெரும்பாலும் பின்தங்குவது இந்த இடத்தில்தான்.

ஸ்விஃப்டில் குழுத் தலைவரின் தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு எரியும். அவரைத் தாண்டிப் போகாதீர்கள். முன்னால் சென்றுவிட்டதாகத் தெரிந்தால் மிதிப்பதைச் சில விநாடி நிறுத்தினால் போதும், கூட்டம் வந்து சேர்ந்துவிடும். பின்தங்கியவர்களை அழைத்து வரும் துணைத் தலைவர்கள் பல சவாரிகளில் இருப்பார்கள். நீங்கள் பின்தங்கினால் செய்தி அனுப்பி உதவி கேளுங்கள், அதற்காகத்தான் அவர்கள் வருகிறார்கள்.

ஒரு மணி நேரச் சவாரிக்குத் தனி உணவு தேவையில்லை. ஒன்றரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் போதும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் அன்று குழுச் சவாரியைத் தவிர்த்து, வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

முடிந்ததும் ஐந்து நிமிடம் லேசாக மிதித்து இறங்குங்கள். பிறகு கைப்பிடி, அதன் கீழ் உள்ள திருகுகள், மேல்சட்டம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடையுங்கள். வியர்வையின் உப்பு சில மாதங்களில் திருகுகளை அரித்துவிடும். அமஷோவாவுக்கு முந்தைய வாரம் கைப்பிடியைக் கழற்ற முடியாமல் நிற்பதைவிட, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் துடைப்பது எளிது.