பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ்: மாற்றாமல் பழுதுபார்த்த கதை

போடிமெட்டு ஏற்றத்தில் லோ கியரில் சென்றபோது, என் பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) லீவர் தானாகவே நியூட்ரலுக்குத் துள்ளியது. வடித்த எண்ணெயில் இரும்புத் துகள்கள் வெள்ளிப் பொடிபோல் மினுங்கின.

முழுப் பெட்டியையும் மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நடுத் தண்டில் ஊசி பேரிங்குகள் உருண்ட இடம், நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்குக் குழிந்திருந்தது. பெட்டியில் அந்தத் தண்டு அமரும் துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், எத்தனை புதிய உதிரிபாகங்களைப் போட்டாலும் எண்ணெய் கசிவதோடு பற்களும் நேராகப் பொருந்தா என்பதால், பெட்டியை மாற்றுவதே வழி. புதிய தண்டைச் செருகி அசைத்துப் பார்த்தோம். நல்லவேளையாக, ஆட்டமே இல்லை.

தண்டு, பேரிங்குகள், த்ரஸ்ட் வாஷர்கள், ஆயில் சீல்கள், பல் மழுங்கிய ஸ்லைடிங் கியர் ஆகியவற்றை மட்டும் மாற்றினோம். அதே ஏற்றத்தில் லீவர் இப்போது அசையாமல் நிற்கிறது.